ஐந்தாவது விளக்கு

1

இந்தக் கதை தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, பாலில்லாத ஒரு கோப்பை தே ஓ ஆறுவதற்குள் நான் அவிழ்த்துவிட்ட புளுகில் பிறந்தது. வேறு யாராவது உங்களிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

புளுகு இதுதான்: "தஞ்சோங் பகாருல ஒரு கோபுரம். ஆயிரம் மாடி. லிஃப்ட் கெடையாது. படியிலயே ஏறி, மேகத்துக்கு மேல நின்னு, மழை கீழ பெய்யறத குனிஞ்சு பாத்தேன்."

மேசையே சிரித்தது. இதில் பொய் என்பது மாடிக் கணக்கு மட்டும்தான். மேகம் உண்மை. மழை உண்மை. குனிந்து பார்த்தது சத்தியமான உண்மை. மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது.

பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பறம் என்னா ஆச்சு?" என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தட்டைத் திருப்பி வைக்கிற சாக்கில் எழுந்து, அப்படியே ரயிலேறி பிடோக் வந்து, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஆம்ப்ரோஸ். நாற்பது ஆண்டுகள் மின்தூக்கிப் பராமரிப்பு. இந்தத் தீவில் நான் அழுத்திப் பார்க்காத பொத்தான் கிடையாது. இப்போது ஓய்வு. என் மனைவி அந்தோனியம்மாள் இந்தக் கதையைப் படித்துக்கொண்டே வருவாள். நான் எங்கெல்லாம் ஊதிப் பெருக்குகிறேனோ அங்கெல்லாம் அடைப்புக்குறிக்குள் திருத்தம் போடுவாள். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

(முப்பத்தோரு ஆண்டு. பிடோக், தெம்பனிஸ் வட்டாரம் மட்டும். – அ.)

பார்த்தீர்களா?

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு முறை விழுந்தேன். விழுந்த இடத்தை மறைக்கவில்லை.

முதல் தொடக்கம்: "மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே சட்டென்று நின்றபோது, சிவானி என்கிற அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் ரத்னவேல்"

நிறுத்திவிட்டேன். சிவானி அழுதது உண்மை. ஆனால் மின்தூக்கி நடுவழியில் நிற்பதைக் கதைக்காகக்கூட என் கையால் எழுத மாட்டேன். எனக்கும் ஒரு தொழில் தர்மம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி அருமையாக ஓடியது. கதவு மூடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "உலக மாந்தரை இரண்டாகப் பிரிக்கலாம். விளையாட்டைச் சோறாக உண்பவர்கள், விளையாட்டை முறுக்காகக் கொறிப்பவர்கள். முன்னவர் ஒரே தாவலைப் பழக ஒரு மாதம் எடுத்துக்கொள்வர். பின்னவர் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் விளையாடி முடித்து எழுந்துவிடுவர். இவ்விரு சாராரையும் ஒரே பெட்டியால் மகிழ்விக்க முனைவோரின் பாடு"

இதை வாசித்துக் காட்டினேன். அந்தோனியம்மாள் தூங்கிவிட்டாள்.

ஆனால் அந்த இரண்டாம் தொடக்கத்தில் சரக்கு இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் தேவைப்படும்.

3

மூன்றாம் தொடக்கம் விழாமல் நின்றுவிட்டது.

பிடோக் சமூக மன்றத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கேம் கன்சோல் தயாரிக்கிற ஒரு நிறுவனம், புதிய பெட்டி ஒன்றை வெளியிடப்போகிறது. அதற்கான விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்க, இதுவரை எந்த வீடியோ விளையாட்டும் ஆடாத, அறுபதைத் தாண்டியவர்கள் தேவை. வாழ்நாளில் முதல்முறையாக, எனக்கு எதுவும் தெரியாது என்பதே ஒரு தகுதியாகக் கேட்கப்பட்டது. உடனே பெயர் கொடுத்தேன். மனைவியின் பெயரையும் கொடுத்தேன்.

ஐந்து பேர் கிளம்பினோம். நான், அந்தோனியம்மாள், என் நண்பன் ரத்னவேல், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பஞ்சவர்ணம் அக்கா, அப்புறம் ஆரிஃப்.

ஆரிஃபைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கமான மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் கதையை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். சிறுகதைக்கு ஐந்து கிழங்கள் அதிகம். ஆகவே, ஓர் எழுத்தாளனுக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, கேலாங் வழியாகப் போகிற ஒரு பேருந்தை எழுதி, அதில் எல்லாரையும் ஏற்றி, ஆரிஃபை மட்டும் அங்கே இறக்கிவிட்டேன். அங்கே அவருடைய தங்கை வீடு இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கும்.

(ரயிலில்தான் போனோம். ஆரிஃப் அண்ணனைப் பாதியில் இறக்கிவிட்டது நியாயமே இல்லை. – அ.)

இருக்கட்டும். இந்தக் கதையில் இனி நாங்கள் நால்வர்.

ரத்னவேல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். நிறுவனத்தின் உயரமான கட்டடத்தில் மின்தூக்கி எங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துச் சொன்னான்: "இங்கதான்டா கன்டெய்னர் கன்டெய்னரா தூக்கிப் போட்டேன். இப்ப என்னையே எவனோ தூக்கறான்."

"உன்னைத் தூக்கறதுக்கு ரெண்டு கேபிள் எக்ஸ்ட்ரா போட்டிருப்பானுங்க" என்றேன்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "காது அடைக்குது."

4

எலைஜாவைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. சோதனைப் பிரிவின் தலைவர் அவர். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். மெல்லிய மீசை, குளிர்ந்த பார்வை, மேசையில் விரலால் தாளம். ஆனால் நிஜ எலைஜா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். சீனி எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். அப்படிப்பட்ட ஆளை வில்லனாக்க இன்னும் பெரிய எழுத்தாளன் வேண்டும். மீசையை எடுத்துவிட்டேன்.

ஓர் அறை. நீண்ட சோஃபா. ஐந்து பேர் உட்காரலாம், நால்வர் உட்கார்ந்தோம். எதிரே எங்கள் வீட்டுச் சுவரை விடப் பெரிய திரை.

(நம் வீட்டுக் கதவளவுதான். – அ.)

முதலில் ஒரு பரோட்டா விளையாட்டு. ஆளுக்கொரு கைப்பிடி, கண்ட்ரோலர் என்பார்கள். கையை வீசினால் திரையில் மாவு விரியும், சுழலும், கல்லில் விழும். விழாவிட்டால் மேலே ஓடும் மின்விசிறியில் மாட்டிக்கொள்ளும். என்ன வேடிக்கை. பஞ்சவர்ணம் அக்கா வீசிய வீச்சில் ரத்னவேலின் மூக்குக்கண்ணாடி பறந்தது. பத்து நிமிடம் சிரித்தோம். பிறகு கைப்பிடிகளைக் கீழே வைத்துவிட்டு, "மைலோ இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டோம்.

எலைஜா எதையோ குறித்துக்கொண்டு, இரண்டாவது விளையாட்டைப் போட்டார். இதற்கு ஒரே ஒரு கைப்பிடி.

"அங்கிள், ஆன்ட்டி, இது கொஞ்சம் கஷ்டம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடலாம். போதும்னு தோணுச்சுன்னா பக்கத்துல உள்ளவங்ககிட்ட குடுத்துடுங்க. அவ்வளவுதான்."

இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள். கதையே இதில் தொங்குகிறது.

5

அந்த விளையாட்டுக்கு நீளமான ஆங்கிலப் பெயர். நான் நெடுமாடம் என்று வைத்துக்கொள்கிறேன். கடலுக்கு நடுவே ஒரு கோபுரம். உச்சி தெரியாது. படிகள் உண்டு, பாதி உடைந்தவை, பாதி காற்றில் ஆடுபவை. முக்காடு போட்ட ஒருத்தி விளக்கோடு ஏறுகிறாள். அவளை நாம் ஏற்ற வேண்டும். திரையின் மேல் ஓரத்தில் ஐந்து விளக்குகள். ஒருமுறை விழுந்தால் ஒன்று அணையும், விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். ஓரிடத்தில் அதிக நேரம் அசையாமல் நின்றாலும் காற்றே அதை அணைத்துவிடும். ஐந்தும் அணைந்தால், கடைசியாகத் தாண்டிய வாசலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

முதலில் கைப்பிடி என்னிடம். மூன்றாவது படியிலேயே விழுந்தேன். பக்கத்தில் ரத்னவேலிடம் கொடுத்தேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கேரம் ஆடுகிறோம். காய் விழவில்லையென்றால் அடுத்தவர் முறை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்த பிறகும் ஒருவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அவனை என்னவென்று சொல்வது?

ரத்னவேல் விழுந்தான், அக்காவிடம் கொடுத்தான். அக்கா விழுந்தார், அந்தோனியம்மாளிடம் கொடுத்தார். அவள் விழுந்தாள். நான்கு விளக்கு போயிற்று. ஐந்தாவது விளக்கு யாருக்கு? இங்கேதான் ஆரிஃபை இறக்கிவிட்ட வினை வந்து நின்றது.

"நீங்க எடுங்க அக்கா."

"நா எதுக்கு, இப்பத்தான விழுந்தேன். தம்பி எடுக்கட்டும்."

"சே சே, லேடீஸ் இருக்கறப்ப நா எப்படி லா."

"அந்தோனி, நீ புடி."

"அவர்கிட்டயே குடுங்க."

கைப்பிடி சோஃபாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தாம்பூலத்தட்டு மாதிரி போய் வந்தது. அதற்குள் காற்று விளக்கை அணைத்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கூத்து. ஐந்தாவது விளக்கோடு நாங்கள் ஒரு படிகூட ஏறியதில்லை. உபசாரத்திலேயே ஊதி அணைத்தோம்.

ஆனால் ஏறினோம். ஒருவர் விழுந்த இடத்தை மற்ற மூவரும் பார்த்திருப்போமே. "அந்தப் படி ஆடுது, மூணாவது ஆட்டத்துல தாவு." "இடப்பக்கம் போகாதீங்க, ரத்னவேலு அங்கதான் செத்தாரு." "நா சாகல, சறுக்கிட்டேன்." இப்படி ஒரு வாசல், இன்னொரு வாசல். பாரந்தூக்கி ஓட்டிய கை ரத்னவேலுடையது; ஊசலாடும் படிகளில் அவன் நின்றால் படிக்கே நிதானம் வந்துவிடும். அக்காவுக்குப் பயமே கிடையாது. இருட்டில் முதலில் குதிப்பவர் அவர்தான். அந்தோனியம்மாள் பொறுமைசாலி, காற்று ஓயும்வரை சுவரோடு ஒட்டி நகர்ந்துகொண்டே இருப்பாள். எனக்கு என்ன திறமை என்று கேட்காதீர்கள்.

(சத்தம் போடுவார். – அ.)

பிறகு அந்த வாசல் வந்தது.

இங்கே நான் மிகைப்படுத்தப் போவதில்லை. மிகைப்படுத்த முடியவில்லை. அதற்கு வழி வைக்காத இடம் அது. படிக்கட்டு கோபுரத்தின் உட்புறத்தை விட்டு வெளிச்சுவருக்கு வந்தது. சுற்றிலும் வானம். கீழே மேகம், வெளுத்த போர்வைபோல, கண்ணெட்டும்வரை. அந்த மேகத்தில் ஓர் இடம் கறுத்து, அங்கிருந்து மழை கிளம்பிக் கீழ்நோக்கிப் போனது. நமக்கு மேலிருந்து வருகிற மழையைத்தான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். இது நம் காலடியிலிருந்து புறப்பட்டுப் போகிற மழை. மேகம் விலகிய இடைவெளியில் கடல். அதில் பொட்டுப் பொட்டாகப் படகுகள். ஒவ்வொரு படகிலும் ஒரு விளக்கு. மழை அந்தப் படகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது.

கைப்பிடி அக்காவிடம் இருந்தது. அவர் அசையவில்லை. "முருகா" என்றார், யாரையும் கூப்பிடுகிற குரலில் இல்லை. அந்தோனியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ரத்னவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த பிறகு போட்டுக்கொள்ள மறந்துவிட்டான்.

மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ இந்த மழையைத் துளித்துளியாகப் பெய்ய வைத்திருக்கிறார்கள், நாங்கள் பார்ப்போமா மாட்டோமா என்று தெரியாமலே.

விளக்கு அணைந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். யாரும் வருத்தப்படவில்லை.

6

முடிந்தது, நன்றி என்றார் எலைஜா. அவர் முகம் வாடியிருந்தது. மின்தூக்கிக்கு வந்தோம். உள்ளே ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை. அதில் சிவானி என்ற பெயர். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நுழைந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்னவேலுக்கு அழுகிறவர்கள் பக்கத்தில் சும்மா நிற்கத் தெரியாது. ஏதாவது பேசியாக வேண்டும். "டேய் ஆம்ப்ரோஸ், நாளைக்கும் விடுவானுங்களா? அந்த மழை வாசலுக்கு மேல என்னா இருக்குன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது லா."

சிவானி திரும்பினாள். "அங்கிள், நீங்க... டவர் கேம் டெஸ்ட் பண்ணவங்களா?"

"ஆமாம்மா."

"அதான் புடிக்கலன்னு விட்டுட்டீங்களே. நாப்பது தடவைக்கு மேல 'போதும்'னு வந்திருக்கு. வேற ரூம்ல ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கிராஃப் கோடு கீழ விழுந்துச்சு."

"நாங்க எப்பம்மா விட்டோம்?"

"கண்ட்ரோலர அடுத்தவங்ககிட்ட குடுத்தீங்கல்ல?"

"விழுந்தா குடுக்காம?" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "மடியில கட்டிக்கிட்டா ஒக்காருவாங்க?"

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. சிவானி எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்பதாண்டு அனுபவம் உள்ள நான் பக்கத்தில் நிற்கும்போதே, என்னை முந்திக்கொண்டு மேல்மாடிப் பொத்தானை அழுத்தினாள்.

போகிற வழியில் சொன்னாள். நெடுமாடம் அவளும் அவளுடைய குழுவும் ஆண்டுக்கணக்கில் கட்டியது. செய்தவள் முகத்தைப் பார்த்தால் சோதிப்பவர்கள் பொய்யாகப் பாராட்டுவார்கள் என்பதால் அவளைச் சோதனை அறைக்குள் விடுவதில்லை. வேறொரு அறையில் வெறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண மக்கள் விரும்பவில்லையென்றால் அன்று மாலையே விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். குழுவைக் கலைத்து, பரோட்டாவுக்கு முட்டை, சீஸ், வாழைப்பழம் சேர்க்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

எலைஜா தன் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தார். அப்போது அவர் சொன்னதுதான் நான் சட்டைப்பையில் வைத்திருந்த சரக்கு.

"அங்கிள், என் நிலைமையப் பாருங்க. கோர் பிளேயர்னு ஒரு கூட்டம். மொத நாள் கியூவுல நிக்கறவங்க. அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கணும், இல்லன்னா 'பொம்மை'ம்பாங்க. கேஷுவல் பிளேயர்னு இன்னொரு கூட்டம். ரொம்பப் பெரிய கூட்டம். அவங்களுக்கு ஈஸியா இருக்கணும், ஆனா ரெண்டே வாரத்துல பெட்டிய அலமாரியில வெச்சுப் பூட்டிடுவாங்க. பெட்டி ஒண்ணு. அட்டையில படமும் ஒண்ணு. எந்தப் பக்கம் சாஞ்சாலும் இன்னொரு பக்கம் போயிடும். மேலிடத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? ரெண்டு பேருக்கும் புடிக்கற மாதிரி, சிவானியோட டவர்ல ஒரு லிஃப்ட் வெச்சிடலாம்னு."

அறை முழுவதும் என்னைப் பார்த்தது.

ஒரு விநாடி ஆசையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. மேகத்துக்கு மேலே போகிற மின்தூக்கி. பராமரிப்பு யாருக்குக் கிடைக்கும்?

"வேணாம் தம்பி" என்றேன். "லிஃப்டுல வர்றவன் மழையப் பாக்க மாட்டான். கதவுக்கு மேல நம்பர் மாறுதே, அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பான். என் வாழ்க்கையே அந்த மொகத்தப் பாத்துத்தான் போச்சு."

சிவானி சிரித்தாள். அழுத கண்ணோடு சிரிப்பது என்று எழுதினால் பழைய கதை மாதிரி இருக்கும், ஆகவே, சிரித்தாள்.

7

ஐந்து மணிக்கு, சோதனை அறையிலிருந்தே தலைமை அலுவலகத்தோடு காணொளிக் கூட்டம். எலைஜா சுற்றி வளைக்காமல் சொன்னார்: கணக்கு தவறு, இவர்கள் விடவில்லை, கைமாற்றினார்கள். அங்கிருந்த நரைமுடி அம்மையார் கேட்டார்: அப்படியானால் இவர்கள் எந்தப் பக்கம்? கோரா, கேஷுவலா? அறிக்கையில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

எலைஜா யோசித்துவிட்டு, "சோஃபாப் பக்கம்" என்றார்.

அம்மையார் சிரிக்கவில்லை. ஒரே ஆள் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக் காட்டட்டும் என்றார். அந்தோனியம்மாளை உட்கார வைத்தோம். "விழுந்தாலும் குடுக்காதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றாள் சிவானி, வாசலுக்கு வெளியே நின்றபடி. அந்தோனியம்மாள் தலையாட்டினாள். விழுந்தாள். அவள் கண் திரையில் இருக்கிறது. கை மட்டும் தானாகவே பக்கத்தில் நீண்டுவிட்டது. அக்காவும் தானாகவே வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் இருவரும் திடுக்கிட்டார்கள்.

அப்போது அம்மையார் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஒரு நிபந்தனை சொன்னார்: "மழை வாசலுக்கு மேலே நட்சத்திர வாசல். எங்கள் கைதேர்ந்த ஆட்டக்காரர்களே முதல் மாதத்தில் தொட்டதில்லை. ஐந்து விளக்குக்குள் இந்தச் சோஃபா அதைத் தாண்டினால், அட்டைப்படத்தில் கோபுரம். மின்தூக்கி கிடையாது."

(அந்தம்மா அப்படியெல்லாம் பேசவில்லை. "சரி, ஆடிக் காட்டட்டும், பார்க்கிறேன்" என்றார். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தார். – அ.)

அதுவும் இதுவும் ஒன்றுதான்.

சிவானியை முதல்முறையாக அறைக்குள் நிற்க விட்டார்கள். கதவோரம், கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை எங்கோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

மழை வாசலிலிருந்து ரத்னவேல் தொடங்கினான். ஆடும் படிகள் எல்லாவற்றையும் தாண்டினான். கோபுரமே அவனுக்காகக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. கடைசிப் படியில் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். விழுந்தான்.

அக்கா வாங்கினார். விளக்கு வெளிச்சம் எட்டாத இடம். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். ஒருமுறை, இருமுறை, தரை இருந்தது. மூன்றாவதில் இல்லை.

அந்தோனியம்மாள் சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். காற்று வரும், நிற்பாள், ஓயும், நகர்வாள். அங்கே மேகமும் கீழே போய்விட்டது. கறுப்பும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம், அதில் நட்சத்திரங்கள், தலைக்கு மேலே மட்டும் இல்லை, பக்கத்திலும். கை நீட்டினால் படும் என்று எழுதினால் திருத்தம் வரும்.

(வராது. – அ.)

ஒரு விளிம்பில் அவள் கால் வழுக்கியது. நான் வாங்கினேன். என் பங்குக்கு ஒரு விளக்கு, முன்னால் ஒரே ஒரு தாவல், அப்பால் வாசல். சத்தம் போட்டுக்கொண்டே குதித்தேன். காற்று என்னை நாட்காட்டித் தாள் மாதிரி கிழித்துக் கீழே போட்டது.

நான்கு விளக்கும் போயிற்று. முக்காட்டுக்காரி விளிம்பில் நிற்கிறாள். ஐந்தாவது விளக்கு எரிகிறது.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க எடுங்க அக்கா" என்று ரத்னவேல் ஆரம்பித்தான்.

8

இங்கேதான் தேக்காவில் எழுந்து ஓடினேன். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அந்தோனியம்மாள் எடுத்து, குதித்து, ஜெயிக்கிறாள். அவளிடம் காட்டினேன். "நா ஏற்கெனவே விழுந்துட்டேங்க. திரும்ப எடுத்தா அது என் மொறை இல்ல. ஏமாத்தி ஜெயிக்கணுமா?" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டு: சிவானி கதவோரத்திலிருந்து பாய்ந்து வந்து, தான் கட்டிய கோபுரத்தைத் தானே தாண்டுகிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் சமைத்தவளே சாப்பிட்டுவிட்டு ருசி என்று சொன்னால் அந்த அம்மையார் நம்புவாரா?

மூன்று: வழக்கம்போல உபசாரம் செய்தே விளக்கை அணைத்துவிடுகிறோம். இதுதான் நடந்திருக்கக்கூடியது. இதை எழுதும்போது சிவானியின் முகம் குறுக்கே வருகிறது. அவள் பெய்ய வைத்த மழை அலமாரிக்குள் போகும். "காற்று ஒருமுறை வீசியது, விளக்கு" என்பதோடு விட்டுவிட்டேன்.

ஆரிஃப் அன்று என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அவர் கேலாங்கில் இருக்கிறார். நான் இறக்கிவிட்டவரை நானே திரும்ப ஏற்றினால், பிறகு நான் எழுதும் எந்தப் பேருந்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அவரை இறக்கிவிட்டதில் ஒரு நன்மை. சோஃபாவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. முதல் பகுதியிலிருந்தே அங்கே நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூடவே ஏறினீர்கள். எந்தப் படி ஆடும், எங்கே தரை இல்லை, எங்கே நான் முட்டாள்தனமாகச் சத்தம் போட்டேன், எல்லாம் பார்த்தீர்கள். எங்கள் நால்வரில் யாருக்கும் இந்த விளக்கில் உரிமை இல்லை, நாங்கள் விழுந்தாயிற்று. நீங்கள் இன்னும் விழவில்லை.

கோரா கேஷுவலா என்றெல்லாம் கவலைப்படாதீர்கள். அந்தக் கட்டத்தை எலைஜா பார்த்துக்கொள்வார்.

காற்று மூன்று முறை வீசும். மூன்றாவதற்குப் பிறகு ஒரு மூச்சுவிடும் நேரம் ஓயும். அப்போது வலக்கைப் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் பெரிய பொத்தான். நான் மேலே குதித்தேன். நீங்கள் முன்னால் குதியுங்கள். உள்ளே நட்சத்திரம் பார்த்து நின்றுவிடாதீர்கள், பிறகு பார்க்கலாம்.

ஒரு வீச்சு போய்விட்டது. விளக்கு கொஞ்சம் சின்னதாகிவிட்டது. சிவானி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள்.

தயவுசெய்து, நீங்க எடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கைப்பிடி சூடாக இருக்கும். நாலு பேர் பிடித்தது.

இந்தாங்க.